எபிரேயப் பெயர் தேடுகிறீர்களா? பட்டியலை மூடிவிட்டுப் பெயரைப் பிரித்துப் பாருங்கள்

குழந்தைப் பெயர்ப் பட்டியல் எதைத் திறந்தாலும் எபிரேயத்துக்கென்று, அதாவது யூதர்களின் மொழியான ஹீப்ருவுக்கென்று, ஒரு பகுதி இருக்கும். அதில் ‘ஜெய்டன் – நன்றியுள்ளவன்’ என்று பெரும்பாலும் போட்டிருக்கும். ஜெய்டன் அமெரிக்காவில் போன நூற்றாண்டின் கடைசியில் பரவத் தொடங்கிய புதுப்பெயர். பைபிளின் நெகேமியா புத்தகத்தில் எருசலேம் மதிலைப் பழுதுபார்த்தவர்களில் யாதோன் என்று ஒருவர் ஒரே வசனத்தில் வந்து போகிறார். அவரை இழுத்து வந்து ஜெய்டனோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்க நன்றாக இருக்கிறது என்று வைத்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. அர்த்தத்தை நம்பி வைப்பவர்கள்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பட்டியலை நம்பாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? எபிரேயம் படிக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு தமிழ் பைபிள் இருந்தால் போதும். எபிரேயப் பெயர்களில் பெரும்பகுதி இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை. ஏழெட்டுத் துண்டுகள் கைக்கு வந்துவிட்டால் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நீங்களே அர்த்தம் சொல்லலாம்.

முதலில், அது எபிரேயம்தானா?

பைபிளில் வருகிற பெயரெல்லாம் எபிரேயம் ஆகாது. பேதுரு, அந்திரேயா, பிலிப்பு, ஸ்தேவான், தீமோத்தேயு எல்லாம் கிரேக்கம். பவுல் லத்தீன், அவருடைய எபிரேயப் பெயர் சவுல், ‘கேட்டுப் பெற்றவன்’. தோமா (இரட்டையர்), மார்த்தாள் (எஜமானி), தபீத்தாள் (மான்) மூன்றும் எபிரேயத்துக்கு நெருங்கிய சொந்தமான அரமேய மொழி. எஸ்தர் என்பது பெரும்பாலும் பாரசீகத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், நட்சத்திரம் என்று பொருள். அவளுடைய எபிரேயப் பெயர் அத்சாள்; இன்றைய உச்சரிப்பில் ஹதாஸா. மிர்ட்டில் என்ற நறுமணச் செடியின் பெயர் அது. மோசே என்பதற்கு ‘தண்ணீரிலிருந்து எடுத்தவன்’ என்று யாத்திராகமம் விளக்கம் தருகிறது. ஆனால் வைத்தவள் எகிப்திய இளவரசி. ராம்செஸ், துத்மோஸ் என்ற மன்னர் பெயர்களில் இருக்கும் ‘பிள்ளை’ என்ற எகிப்தியச் சொல்தான் இது என்பது ஆய்வாளர்களில் பலரின் கருத்து.

இதில் அதிகம் பேர் சறுக்குவது தானியேல் புத்தகத்தில். மூன்று பையன்கள் பிறந்தால் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்று வைக்க ஆசைப்படுகிற குடும்பங்கள் உண்டு. அவை பாபிலோன் அரண்மனை அதிகாரி, தானியேலோடு சிறைப்பட்டு வந்த மூன்று யூத வாலிபர்கள்மேல் திணித்த பெயர்கள். ஆபேத்நேகோவுக்கு ‘நேகோவின் அடிமை’ என்று அர்த்தம். நேகோ என்பது நேபோ என்ற பாபிலோனிய தெய்வம். பெற்றோர் வைத்த எபிரேயப் பெயர்கள் அதே அதிகாரத்தில் இருக்கின்றன: அனனியா, மீஷாவேல், அசரியா. சிலைக்கு வணங்க மாட்டோம் என்று நின்றவர்களை, அவர்களைச் சிறைபிடித்தவர்கள் சூட்டிய பெயரால்தான் ஞாயிறு பள்ளியில் இன்றுவரை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிரித்துப் பார்ப்பது

இரண்டு துண்டுகளை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று ‘ஏல்’, கடவுள். தமிழ் பைபிளில் இது ‘யேல்’ என்றோ ‘வேல்’ என்றோ முடியும்: தானியேல், எசேக்கியேல், காபிரியேல், சாமுவேல், யோவேல், இம்மானுவேல். (முருகனுக்கும் இந்த வேலுக்கும் சம்பந்தமில்லை, உ, ஓ போன்ற ஒலிக்குப் பின் தமிழில் இயல்பாக வரும் வகர உடம்படுமெய் அது.) இன்னொன்று ‘யா’. யூதர்கள் உச்சரிக்காமல் தவிர்க்கும் நான்கெழுத்துத் திருப்பெயரின் சுருக்கம். கடைசியில் வந்தால் ‘யா’, முன்னால் வந்தால் ‘யோ’. தமிழில் ‘கர்த்தர்’ என்று நாம் படிக்கும் இடங்களில் மூலத்தில் இருப்பது அந்தப் பெயர்தான்.

இப்போது இவற்றோடு சேரும் வினைகள். ‘நாத்தான்’ என்றால் கொடுத்தார். தாவீதைக் கண்டித்த தீர்க்கதரிசியின் பெயர் வெறும் நாத்தான். முன்னால் யோ சேர்த்தால் யோனத்தான், ‘கர்த்தர் கொடுத்தார்’. பின்னால் ஏல் சேர்த்தால் நாத்தான்வேல், ‘கடவுள் கொடுத்தார்’. ஏலை முன்னால் வைத்தால் எல்நாத்தான், அர்த்தம் அதேதான். செய்தியில் அடிபடும் நெதன்யாகு என்ற குடும்பப் பெயரும் இதே இரண்டு துண்டுகள்தான். பெயர் நான்கு, சேதி ஒன்று.

‘ஹனன்’ என்றால் இரக்கம் காட்டினார். யோவும் ஹனனும் சேர்ந்தால் யோஹனான், அதாவது நம் யோவான். இடம் மாற்றினால் அனனியா. கடவுள் பெயர் இல்லாமல் அந்த இரக்கத்தை மட்டும் பெண் பெயராக்கினால் அன்னாள். தாத்தா யோவான், பேத்திக்கும் அதே அர்த்தம் வேண்டும் என்றால் அன்னாள் அல்லது ஹன்னா வைத்தால் முடிந்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘தான்’ நியாயம் தீர்த்தல்: தானியேல். ‘எசேர்’ உதவி: எலியேசர், அசரியா, எஸ்றா. ‘ரஃபா’ குணமாக்குதல்: ரபாயேல். ‘ஸகர்’ நினைவுகூர்தல்: சகரியா. ‘நகம்’ ஆறுதல்: நெகேமியா, நாகூம். ‘ஹஸக்’ பலம்: எசேக்கியேல், எசேக்கியா. ‘ஷமா’ கேட்டல்: இஸ்மவேல், சிமியோன். ‘மி க’ என்றால் ‘யார் போல’. மிகாவேல் ‘கடவுளைப் போல யார்?’, மீகாயா ‘கர்த்தரைப் போல யார்?’. அதன் குறுக்கம்தான் மீகா.

ஆனால் ‘ஏல்’ என்று காதில் விழுந்ததெல்லாம் கடவுள் இல்லை. ராகேல் என்றால் பெண் ஆடு. ஆபேல் என்றால் மூச்சுக்காற்று, ஆவி. பிரசங்கி புத்தகம் ‘மாயை, மாயை’ என்று தொடங்குகிறதே, அங்கே இருப்பது இதே சொல். யாகேல் (ஆங்கில வழியில் யாயேல்) என்பது மலையாடு. எபிரேய எழுத்தில் எழுதினால் இவை ‘ஏல்’ சேர்ந்த பெயர்களே அல்ல என்று உடனே தெரியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்த வித்தியாசம் அழிந்துபோகிறது. பட்டியல்களில் யாயேலுக்கு ‘கடவுளின் பலம்’ என்கிற மாதிரி எதையாவது எழுதிவைப்பதற்கு இதுதான் காரணம். ‘யா’விலும் இதே சிக்கல் உண்டு: லேயாவில் கடவுள் இல்லை, சோபியா கிரேக்கம்.

மலையாடு, பெண் ஆடு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். யூத மரபில் விலங்குப் பெயர்களுக்கு நல்ல மரியாதை. தெபொராள் தேனீ, யோனா புறா, சிப்போராள் குருவி. ஆண்களுக்கு ஆரி (சிங்கம்), ஸ்வி (மான்), தோவ் (கரடி), ஸெயேவ் (ஓநாய்) எல்லாம் இன்றும் உண்டு. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் எபிரேயப் பெயரையும் அவர்களுடைய இத்திஷ் மொழிப் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். ‘பேர்’ இத்திஷில் கரடி, ஆக ‘தோவ் பேர்’ என்றால் ‘கரடி கரடி’.

பெயர் வருகிற இடத்தைப் படித்துவிடுங்கள்

பிரித்தாகிவிட்டது. அடுத்து அந்தப் பெயர் முதலில் வரும் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். ஐந்து நிமிட வேலை. அகராதி அர்த்தத்தைவிட அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்பது பல பெயர்களில் முக்கியம்.

ஆதியாகமம் 29 ஒன்றைப் பாருங்கள். யாக்கோபுக்குப் பிடித்தவள் ராகேல். லேயாள் ஏமாற்றிக் கட்டிவைக்கப்பட்டவள். லேயாளுக்கு முதல் பிள்ளை பிறக்கிறது. ரூபன் என்கிறாள், ‘பார், ஒரு மகன்’. இனி என் புருஷன் என்மேல் அன்பு வைப்பார் என்கிறாள். இரண்டாவது சிமியோன்: நான் வெறுக்கப்பட்டதைக் கர்த்தர் கேட்டார். மூன்றாவது லேவி, சேர்தல் என்ற சொல்லை வைத்து: இந்தத் தடவையாவது அவர் என்னோடு சேர்ந்திருப்பார். நான்காவது பிள்ளைக்கு யூதா என்று வைக்கிறாள். ‘இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்’, அவ்வளவுதான் சொல்கிறாள். அந்த வசனத்தில் புருஷன் பேச்சே இல்லை. நான்கு பெயர்களையும் வரிசையாக வைத்தால் ஒரு பெண்ணின் சில வருஷ வாழ்க்கை அதில் இருக்கிறது. ‘யூதா – துதி’ என்று ஒற்றை வரியில் போடுகிற பட்டியலுக்கு இது எங்கே தெரியப் போகிறது?

பைபிள் தருகிற விளக்கமும் எப்போதும் சொல்லிலக்கணம் ஆகாது. அன்னாள் தன் பிள்ளையை ‘கர்த்தரிடத்தில் கேட்டேன்’ என்று சொல்லி சாமுவேல் என்று அழைத்தாள். கேட்டல் என்ற வினை எழுத்துக்கு எழுத்து பொருந்துவது சவுல் என்ற பெயருக்குத்தான். சாமுவேலை ‘கடவுளின் நாமம்’ என்றோ ‘கடவுள் கேட்டார்’ என்றோ பிரிப்பார்கள். இருந்தாலும் பல வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளைக்குச் சாமுவேல் என்று வைக்கிறவர்கள் அந்தக் கதைக்காகத்தான் வைக்கிறார்கள். அது சரியான காரணமும்கூட.

துக்கப் பெயர்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். யாபேஸ், அவன் செய்த ஜெபத்துக்காக நம் ஊரில் விரும்பி வைக்கப்படுகிற பெயர். தாய் அதை வைத்தது ‘துக்கத்தோடு பெற்றேன்’ என்று சொல்லி. வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்து வையுங்கள். பிரசவத்தில் சாகப்போகும் ராகேல் தன் பிள்ளைக்கு பெனோனி, ‘என் துக்கத்தின் மகன்’ என்று பெயரிட்டாள். யாக்கோபு அதை மாற்றி பென்யமீன், ‘வலது கையின் மகன்’ என்றான். நகோமி என்றால் இனிமை. கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்து ஊர் திரும்பியபோது, என்னை நகோமி என்று சொல்லாதீர்கள், மாராள், அதாவது கசப்பு என்று சொல்லுங்கள் என்றாள். ஆனால் அவள் கதையைச் சொல்லும் ரூத் புத்தகம் கடைசிவரை அவளை நகோமி என்றேதான் அழைக்கிறது.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சகஜமாகப் புழங்கும் சில பெயர்களுக்கும் கதை உண்டு. எபினேசர் பைபிளில் ஆள் பெயரே இல்லை. சாமுவேல் நாட்டிய ஒரு கல்லின் பெயர், ‘உதவியின் கல்’. பியூலாவும் ஹெப்சிபாவும் ஏசாயா 62-இல் ஒரே வசனத்தில் வருகிற இரட்டைப் பெயர்கள். கைவிடப்பட்ட தேசம் இனி ‘அவள்மேல் என் பிரியம்’ (ஹெப்சிபா) என்றும் ‘மணமானவள்’ (பியூலா) என்றும் அழைக்கப்படும் என்கிறது. ஹெப்சிபா அதற்கு முன்பே ஓர் அரசியின் பெயராகவும் இருந்தது. அக்கா தங்கைக்கு வைக்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைப்பது கஷ்டம். யோபுவின் மூன்று பெண்களையும் மறக்க வேண்டாம். ஜெமிமா புறா என்று சொல்வார்கள், கெசியா கருவாப்பட்டை வகையைச் சேர்ந்த வாசனைப் பட்டை, மூன்றாமவள் கேரேனாப்புக் ‘கண்மை வைக்கும் கொம்பு’. நம் மைச்சிமிழ்தான். முதல் இரண்டு பெயரும் தமிழ்நாட்டில் தாராளமாக இருக்கின்றன, மைச்சிமிழை மட்டும் யாரும் தொடவில்லை.

ஆணா பெண்ணா

யா என்று முடிந்தால் தமிழ்க் காதுக்குப் பெண் பெயராகக் கேட்கும். பைபிளில் எரேமியா, சகரியா, ஒபதியா எல்லாரும் ஆண்கள். அப்படி முடியும் பெண்களில் பெரிய பெயர் அத்தாலியாள். ராஜவம்சத்தையே கொன்று ஆட்சியைப் பிடித்தவள். ஒலி நன்றாக இருக்கிறதே என்று அத்தாலியா பக்கம் போவதற்கு முன் 2 இராஜாக்கள் 11-ஐப் படித்துவிடுங்கள்.

நோவா விஷயம் இன்னும் வேடிக்கை. கப்பல் செய்த நோவா ஆண். எபிரேயத்தில் ‘நோவஹ்’ மாதிரி தொண்டையில் முடியும், ஓய்வு, ஆறுதல் என்ற பொருள். இஸ்ரேலில் 2000-க்குப் பிறகு பல வருஷம் பெண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் பிடித்த ‘நோஆ’ வேறு எழுத்து, வேறு சொல், அசைவு என்ற பொருள். மகன் இல்லாத தகப்பனின் நிலத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மோசேயிடம் வந்து நின்ற ஐந்து சகோதரிகளில் ஒருத்தி அவள். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அவளுக்கு நோவாள் என்று ஒரு ‘ள்’ போட்டுக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டார்கள். சாராள், லேயாள், ரெபெக்காள் எல்லாவற்றிலும் உள்ள அந்த ‘ள்’ தமிழ் சேர்த்தது. சான்றிதழில் அது வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம்.

இன்றைய இஸ்ரேலியப் பெயர்கள்

பைபிள் பக்கம் போக விருப்பமில்லாதவர்களுக்கும் எபிரேயத்தில் இடமுண்டு. பேச்சு மொழியாக எபிரேயத்தை உயிர்ப்பிக்கப் பாடுபட்ட எலியேசர் பென் யெகூதாவின் மகன் 1882-இல் பிறந்தார்; பல நூற்றாண்டுகளுக்குப் பின் எபிரேயத்தைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த முதல் பிள்ளை என்பார்கள். அதன்பின் வந்த தலைமுறைகள் வீட்டிலும் வயலிலும் இருந்த சொற்களையே பெயராக்கின. தல் (பனித்துளி), ஷிர் (பாட்டு), லியோர் (எனக்கு ஒளி), அலோன் (கருவாலி மரம்), ஷாகேத் (வாதுமை), மாயான் (ஊற்று), ஸ்தாவ் (இலையுதிர் காலம்). இவற்றில் பல ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அமித் என்ற பெயரும் அங்கே உண்டு, ‘தோழன், தோழி’ என்று பொருள். வடநாட்டு அமித்துக்கும் அதற்கும் உறவில்லை.

இந்தப் பெயர்களைத் தமிழ்நாட்டில் வைப்பதற்கு முன் ஒரு சோதனை அவசியம்: வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். ஷனி என்பது இஸ்ரேலில் அழகான பெண் பெயர், செந்நிறம். நம் தெருவில் அது சனி. மோர் என்றால் வெள்ளைப்போளம் என்னும் வாசனைப் பிசின். இங்கே கூப்பிட்டால் டம்ளரோடுதான் வருவார்கள். கல் என்றால் அலை. சொல்லவே வேண்டாம்.

யூதர்கள் எப்படி வைக்கிறார்கள்

தெரிந்துகொண்டால் முடிவெடுக்க உதவும். ஆண் பிள்ளைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது பெயர் வைப்பார்கள். பெண் பிள்ளைக்குத் தகப்பன் ஜெபாலயத்தில் தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) வாசிக்க அழைக்கப்படும்போது வைப்பது வழக்கம். ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் இறந்துபோன உறவினர் பெயரை வைப்பார்கள், உயிரோடிருப்பவர் பெயரைத் தவிர்ப்பார்கள். ஸ்பெயின் வழி வந்த செபார்டி யூதர்கள் உயிரோடு இருக்கும் தாத்தா பாட்டி பெயரையே மரியாதையாக வைப்பார்கள். தகப்பன் பெயர் ‘பென்’ (மகன்), ‘பத்’ (மகள்) போட்டுப் பின்னால் வரும். நம் இனிஷியல் செய்கிற வேலைதான்.

சொந்தக்காரர்கள் தலையிடுவதும் புதுசில்லை. லூக்கா முதல் அதிகாரத்தில் எட்டாம் நாள் கூடிய உறவினர்கள் பிள்ளைக்கு அப்பா பெயரையே, சகரியா என்று வைக்கப் பார்க்கிறார்கள். தாய் மறுத்து யோவான் என்கிறாள். உன் உறவில் அந்தப் பெயர் யாருக்கும் இல்லையே என்கிறார்கள். வாய் பேச முடியாதிருந்த தகப்பன் எழுத்துப் பலகையை வாங்கி ‘இவன் பேர் யோவான்’ என்று எழுதிய பிறகுதான் வாயடைத்தார்கள்.

எண் கணிதம் கேட்பவர்களுக்கு: எபிரேயத்தின் 22 எழுத்துகளுக்கும் எண் மதிப்பு உண்டு. ‘ஹை’, உயிர், என்ற சொல்லின் கூட்டுத்தொகை 18. அதனால் யூதர்கள் மொய்ப் பணத்தை 18-இன் மடங்கில் கொடுப்பார்கள். அந்தக் கணக்கு எபிரேய எழுத்தில் எழுதினால் மட்டும்தான் வேலை செய்யும். ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு ‘எச்’ சேர்க்கும் நம்மூர் நியூமராலஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எழுத்தில் எப்படி எழுதுவது

பெயர் முடிவானபின் தலைவலி எழுத்துக்கூட்டில்தான் வரும். எபிரேயத்துக்குச் சொந்தமாக ‘ஜ’ ஒலி கிடையாது. யோசேப்பு, யாக்கோபு, யோசுவா என்ற தமிழ் வடிவங்கள்தான் மூலத்துக்குப் பக்கம். ஜோசப், ஜேக்கப், ஜோசுவா எல்லாம் ஆங்கிலத்தின் வழியாக வந்தவை. இன்னொன்று ‘அயின்’ என்ற தொண்டை எழுத்து. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது பல இடங்களில் ககரமாகிவிட்டது: நகோமி, யாகேல், நாகமான், பாகால். அதனால் தமிழில் யாகேல் என்றும் ஆங்கிலத்தில் ‘யாயேல்’ என்று படிக்கும்படியும் எழுதினால் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் என்று நினைத்துவிடுவார்கள். வீட்டில் கூப்பிடப் போகும் ஒலி எதுவோ, அதையே இரண்டு மொழியிலும் எழுதுங்கள். சபைப் பதிவேட்டில் யோவான், சான்றிதழில் ஜான் என்று இரண்டாகப் போட்டு வைத்தால் பின்னால் அலைய வேண்டிவரும்.

தமிழ்நாட்டில் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஒரு தடவை பதிவான பெயரை மாற்றுவதுதான் பெரும்பாடு, அரசிதழ் வரை போக வேண்டிவரும். ஆகவே அவசரப்பட வேண்டாம். பிடித்த இரண்டு மூன்று பெயர்களை எழுதி வைத்து, ஒரு மாதம் வீட்டில் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தமிழ் எழுத்துக்கூட்டையும் ஆங்கில எழுத்துக்கூட்டையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போங்கள்.